சின்னத் தட்டு கேட்டால் ஏன் விழிக்கிறீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறைக்குப் பினாங்கு போய் நான்கு நாள் தங்கிவிட்டு வந்த கையோடு இதை எழுதுகிறேன். சுற்றிப் பார்த்த கதை இல்லை. கொடிமலை ரயில், தண்ணீர்மலைக் கோயிலின் 513 படி, பத்து பெரிங்கி கடற்கரை எல்லாம் உங்கள் வாசகர்களுக்குத் தெரிந்தவைதான். நான் எழுத வந்தது சாப்பாட்டைப் பற்றி. அதிலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வெளியே சாப்பிடுவதைப் பற்றி.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஏதோ ஒரு கிழவி புலம்புகிறாள் என்று பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். கோலாலம்பூர் செந்தூலில் 2001-இல் தொடங்கி 19 வருடம் ஒட்டுக்கடை (சாலையோரச் சின்னக் கடை) போட்டு நாசி லெமாக், அதாவது சம்பலோடு தேங்காய்ப்பால் சோறு, விற்றவள் நான். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது கடையை மூடினேன். அப்புறம் திறக்கலாம் என்றால் முழங்கால் விடவில்லை. ஆகவே சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களின் கஷ்டமும் எனக்குத் தெரியும். காலை ஏழு மணிக் கூட்டத்தில் ஒரு பிள்ளை கரண்டியைக் கீழே போட்டால் கடைக்காரிக்கு எப்படி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

போனது ஆறு பேர். நான், மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் மூன்று பேர். பெரியவனுக்கு ஒன்பது வயது, நடுவிலவளுக்கு ஐந்து, சின்னவனுக்கு ஒன்றரை. கார் வேண்டாம், ரயிலில் போகலாம் என்றது நான்தான். கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையத்தில் இடிஎஸ் விரைவு ரயில் ஏறினால் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும், பட்டர்வொர்த்தில் இறங்கி அப்படியே நடந்து தீவுக்குப் போகும் பெரி (பயணிகள் கப்பல்) ஏறிவிடலாம். பழைய பெரி இப்போது இல்லை. கீழே காரும் லாரியும் நிற்க, மேலே நாம் காற்று வாங்கிக்கொண்டு போன அந்தப் பெரிய கப்பல்களை நிறுத்திவிட்டார்கள். 2023-இலிருந்து ஓடுகிற புதிய பெரியில் ஆட்களும் மோட்டார் சைக்கிளும்தான். குளிர்சாதனம் எல்லாம் இருக்கிறது, சரி. ஆனால் பெரியவன் என்னிடம் கேட்டுக்கேட்டுக் கற்பனை செய்து வைத்திருந்த கப்பல் அது இல்லை. முகம் சுண்டிப்போனது. தீவில் இறங்கியதும் 101-ஆம் எண் பஸ் பிடித்து பத்து பெரிங்கி போய்ச் சேர்ந்தோம்.

ஓய்வாக இருக்கத்தான் போனோம். எங்கேயும் ஓடக்கூடாது, மணி பார்க்கக்கூடாது என்று மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஆனால் பிள்ளைகளின் வயிறு மணி பார்க்கும். பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள். ஒன்றரை வயதுப் பிள்ளைக்குப் பசி வந்தால் பறப்பது பத்தோடு நிற்காது, கரண்டி, கோப்பை, மருமகனின் மூக்குக்கண்ணாடி எல்லாம் பறக்கும்.

முதல் நாள் மாலை கடலோரத்தில் ஒரு உணவகத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம். மேசைத் துணி, வரிசையாகத் தொங்கும் விளக்கு, சூரியன் இறங்குகிற நேரம், எல்லாம் அழகு. பிள்ளைகளுக்கென்று தனி அட்டை கொடுத்தார்கள். ஓரத்தில் டால்பின் படம். அதில் இருந்தது கோழி நக்கெட், மீன் பிங்கர், சாசேஜ், ஸ்பகெட்டி. எதை எடுத்தாலும் கூடவே உருளைக்கிழங்கு வறுவல். அதே கடையின் பெரியவர்கள் அட்டையைப் புரட்டினேன். இஞ்சி போட்டு ஆவியில் அவித்த சியாக்காப் மீன் இருக்கிறது. முட்டை வறுத்த சோறு இருக்கிறது. காய்கறி சூப் இருக்கிறது. பிள்ளைக்குக் கொடுக்க இதைவிட நல்லதாக என்ன வேண்டும்? பரிமாற வந்த பையனிடம், "தம்பி, முட்டைச் சோறு மிளகாய் இல்லாமல் சின்னத் தட்டில் இரண்டு கொடு" என்றேன்.

பையன் விழித்தான். கையிலிருந்த கருவியை இப்படியும் அப்படியும் தடவிப் பார்த்தான். "சின்னது சிஸ்டத்தில் இல்லை ஆண்ட்டி. அமுக்கப் பட்டன் இல்லை" என்றான்.

மரியாதையான பையன். அவன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. உள்ளே சட்டி இருக்கிறது, சோறு இருக்கிறது, சமைக்க ஆள் இருக்கிறது, பட்டன் மட்டும் இல்லை! சரி, பெரியது ஒன்று போட்டு, வெறும் தட்டு இரண்டு கொண்டு வா, நாங்கள் பிரித்துக்கொள்கிறோம் என்றேன். மகள் சங்கடப்பட்டு, "விடுங்கம்மா, நக்கெட்டே சொல்லிடலாம்" என்று அதையும் ஒரு தட்டு சேர்த்துச் சொல்லிவிட்டாள்.

ஐம்பது நிமிடம். நான் மணி பார்த்தேன், மகள் சொன்னதை மீறித்தான். முதலில் வந்தது மருமகனின் மீன். அப்புறம் எங்கள் சாப்பாடு. பிள்ளைகளுடையது கடைசியாக வந்தது. ஒட்டுக்கடை நடத்தியவளுக்கு இது விளங்கவே இல்லை. ஒரு மேசையில் பிள்ளை இருந்தால் அதன் வாயை முதலில் அடைத்துவிட வேண்டும், அப்போதுதான் மற்ற ஐந்து மேசைக்காரர்கள் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள். இது பிள்ளை மேல் காட்டும் கருணை இல்லை, வியாபாரம்.

அதற்குள் சின்னவன் ஆர்ப்பாட்டத்தில் இறங்கிவிட்டான். அவனுக்கு உயர நாற்காலி கொடுத்திருந்தார்கள். நல்ல மர நாற்காலிதான், இடுப்பு வார் மட்டும் அறுந்துபோயிருந்தது. பிள்ளை வழுக்கி வழுக்கிக் கீழே இறங்குகிறான், கழுத்து பலகையில் மாட்டுகிறது. என் துப்பட்டாவை எடுத்து இடுப்பைச் சுற்றிப் பின்னால் முடிச்சுப் போட்டேன். பக்கத்து மேசையில் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி அதைப் படம் எடுக்கட்டுமா என்று சைகையில் கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்த ஐம்பது நிமிடத்தில் போனை எடுத்து சாஸ் போத்தலில் சாய்த்து வைத்துப் பிள்ளைக்குப் படம் காட்டினோம். காட்டச் சொன்னது யார் தெரியுமா? வீட்டில் மகளை இதற்காகவே தினமும் திட்டுகிற நான்தான். ஒன்றரை வயதுப் பிள்ளைக்குத் திரையே கூடாது, இரண்டு வயதுக்கு மேல் நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இலேயே சொல்லியிருக்கிறது. அதைப் படித்துக் காட்டியவளும் நான்தான். என்ன செய்வது? பசித்த பிள்ளையோடு ஐம்பது நிமிடம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பில்லில் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், 6 விழுக்காடு வரி. நக்கெட் தட்டில் பாதி மீந்தது. உருளைக்கிழங்கைப் பெரியவன் முடித்தான்.

மறுநாள் நான் சொன்னபடி நடந்தது. சாயங்காலம் ஐந்தரைக்கே, கூட்டம் வருவதற்குள், பசியே எடுக்காத நேரத்தில், அங்காடிக் கடைகள் இருக்கும் ஒரு மையத்துக்குப் போனோம். மேசை எண்ணைப் பார்த்து வைத்துக்கொண்டு, கடை கடையாய்ப் போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும். கொண்டு வந்து வைத்ததும் காசு. தண்ணீர் மட்டும் இடத்துக்காரரிடம்தான் வாங்க வேண்டும், வாங்காமல் உட்கார்ந்தால் முறைப்பார்கள். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு உண்டா என்று எனக்குத் தோன்றவில்லை. கத்தினால் யாருக்கும் கேட்காது, ஏனென்றால் எல்லோரும் கத்துகிறார்கள். முன்பெல்லாம் இந்த இடங்களில் சிகரெட் புகை தாங்காது. 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கக்கூடாது என்று சட்டம் வந்தபின் பரவாயில்லை. ஓரமாக நின்று ஊதுகிற ஓரிருவர் இன்னும் உண்டு, நான் அவர்களைப் பார்க்கும் பார்வையிலேயே நகர்ந்துவிடுவார்கள்.

நடுவிலவளைக் கையில் பிடித்துக்கொண்டு சார் கொய்தியாவ் (வறுத்த அரிசி நூடுல்ஸ்) கடைக்குப் போனேன். எழுபது வயதுச் சீனர். பன்றிக் கொழுப்பு போடுவீர்களா என்று முதலில் கேட்டுக்கொண்டேன், மருமகன் சாப்பிட மாட்டார். எண்ணெய்தான் என்றார். பிள்ளைக்கு ஒரு சின்னத் தட்டு, மிளகாய் வேண்டாம், கெராங் வேண்டாம் என்று மலாயில் சொன்னேன். கெராங் வேண்டாம் என்றதற்குக் காரணம் உண்டு. அந்தச் சிப்பியை வெந்தும் வேகாமலும் போட்டால்தான் ருசி என்பார்கள். அரைவேக்காட்டுச் சிப்பியில் மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கக்கூடும். பெரியவர்கள் எப்படியோ போகட்டும், பிள்ளைக்கு எதற்கு அந்தச் சோதனை?

அவர் என்னைப் பார்க்கவில்லை, பிள்ளையைக் குனிந்து பார்த்தார். அப்புறம் செய்ததைத்தான் நான் இங்கே எழுத வேண்டும். அடுப்பில் இருந்த குவாலியில் அதற்கு முன் சமைத்த மிளகாய் விழுது கருகி ஒட்டியிருந்தது. ஒரு அகப்பை தண்ணீர் ஊற்றினார். புஸ்ஸென்று ஆவி எழும்பியது. மூங்கில் துடைப்பத்தால் சுற்றிச் சுற்றித் தேய்த்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி ஒரு அகப்பை ஊற்றி, மறுபடி கொட்டினார். வரிசையில் எங்களுக்கு முன்னால் நான்கு பேர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அவர்களுடையதை ஓரமாக வைத்துவிட்டார், ஏனென்றால் மிளகாய் பட்ட சட்டியில் பிள்ளைக்குப் போட முடியாது, பிள்ளையுடையதை முதலில் போட்டுவிட்டால் மற்றது தொடர்ந்து ஓடும். எண்ணெய், பூண்டு, இரண்டு இறால், ஒரு கைப்பிடி கொய்தியாவ், கறுப்புக் கிச்சாப் ஒரு சுழற்று. "தெலூர் மாவ்?" (முட்டை வேண்டுமா?) என்று பேத்தியிடம் கேட்டார். அவள் தலையாட்டினாள். ஒற்றைக் கையால் முட்டையை உடைத்து விட்டார். அவள் வாயைத் திறந்தபடி நின்றாள். கடைசியாகத் தவுகேயும் (முளைப்பயறு) குச்சாய் கீரையும். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. பெரிய தட்டைவிட ஒரு வெள்ளி (ரிங்கிட்) குறைவாக வாங்கிக்கொண்டார்.

வீட்டில் நெய்ச்சோறும் முட்டையும் தவிர வேறு எதையும் தொடாதவள் அவள். அன்றைக்கு அந்தத் தட்டைக் காலி செய்தாள். குச்சாய் கீரையை மட்டும் ஒன்று ஒன்றாக எடுத்துத் தட்டின் விளிம்பில் வரிசையாக அடுக்கியிருந்தாள், பள்ளியில் பிள்ளைகளை நிற்க வைப்பது போல. எனக்கு அது போதும். தன் சாப்பாடு எப்படி உண்டானது என்று கண்ணால் பார்த்த பிள்ளை அதை அந்நியமாக நினைக்காது. என் கடையிலும் பார்த்திருக்கிறேன். அம்மா இடுப்பில் உட்கார்ந்து நான் பொட்டலம் மடிப்பதைப் பார்க்கும் பிள்ளைகள்தான் மறுநாளும் கேட்டு அழும்.

பெரியவனுக்கு அசாம் லக்சா என்ற மீ (நூடுல்ஸ்) வாங்கிக் கொடுத்தார் மருமகன். எனக்குப் பயம்தான். கெம்போங் மீனை அவித்து உதிர்த்து, புளி போட்டுக் கொதிக்க வைத்த சாறு. மேலே அன்னாசி, வெள்ளரி, புதினா, வெங்காயம். கறுப்பு இறால் விழுதை மட்டும் தனியாக வைக்கச் சொன்னோம், அந்த வாசனை முதல் தடவைக்கு ஆகாது. இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு நிமிர்ந்து, "பாட்டி, இது உங்க மீன் குழம்பு. உள்ள யாரோ மீயைப் போட்டுட்டாங்க" என்றான். லக்சாவை இவ்வளவு சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

நல்லது மட்டும் எழுதினால் நியாயமாகாது. மூன்றாம் நாள் நடந்ததை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது. நடுவிலவளுக்கு வேர்க்கடலை ஆகாது. கொஞ்சம் பட்டாலும் உதடு தடிக்கும், கழுத்தெல்லாம் சிவக்கும். அதனால் எங்கே போனாலும் முதல் கேள்வி "கச்சாங் (கடலை) இருக்கா?" என்பதுதான். ஒரு கடையில் பசெம்போர் வாங்கினோம். வடை, இறால் பலகாரம், முட்டை, உருளைக்கிழங்கு, வெள்ளரி எல்லாம் வெட்டி மேலே சிவப்புக் குழம்பை ஊற்றித் தருவார்கள். நம் மாமாக் (தமிழ் முஸ்லிம்) கடை ரோஜாக்தான், பினாங்கில் இந்தப் பெயர். வள்ளிக்கிழங்கு போட்டுச் செய்கிற குழம்பு, பல கடைகளில் வேர்க்கடலையும் அரைத்துச் சேர்ப்பார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்தும், கேட்டதற்கு அந்த ஆள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "இல்லை, இல்லை" என்றதை நம்பினேன். இரண்டு வாய். உதடு தடித்துவிட்டது. கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் மருந்து கொடுத்து, அவளை மடியில் வைத்துக்கொண்டு மூச்சு சரியாக இருக்கிறதா என்று ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தோம். கடவுள் புண்ணியத்தில் அதற்கு மேல் போகவில்லை. திரும்பிப் போய்க் கேட்டபோது, குழம்பு வேறு இடத்திலிருந்து வருகிறது, அதில் என்ன இருக்கிறது என்று தனக்குத் தெரியாது என்றார். தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லியிருக்கலாமே ஐயா. அந்த ஒரு சொல்லுக்கு நான் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போயிருப்பேன்.

இதற்கு நேர்மாறாக ஐஸ் கச்சாங் (துருவிய ஐஸ் இனிப்பு) கடையில் ஒரு பெண். கச்சாங் இல்லாமல் ஐஸ் கச்சாங் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான் என்று சிரித்தாள். அப்புறம் அவளே யோசித்து, "வேணாம்மா. ஒரே கரண்டியத்தான் எல்லாத்துலயும் போடுறேன், சோளத்துலகூட கடலைத்தூள் இருக்கும்" என்று சொல்லி விற்க மறுத்துவிட்டாள். பக்கத்தில் இளநீர் விற்பவரைக் காட்டிவிட்டாள். வியாபாரத்தை விட்டுக்கொடுத்தாளே, அவளிடம்தான் மற்ற ஐந்து பேருக்கும் செண்டோல் வாங்கினோம்.

கடைசி நாள் ஜார்ஜ்டவுனில். மார்க்கெட் தெருவையும் குவீன் தெருவையும் சுற்றிவிட்டு, 1833-இல் கட்டிய மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் வாழை இலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். பரிமாறியவர் வயதானவர், தமிழ்நாட்டுப் பேச்சு. நான் வாயைத் திறப்பதற்குள் இலையின் நுனியைக் கத்தரித்துச் சின்னவன் முன்னால் வைத்தார். கையளவு சோறு, பருப்பு, நெய் ஒரு சொட்டு, அவித்த உருளைக்கிழங்கு, அப்பளம். ரசத்தை ஒரு கிண்ணத்தில் ஊற்றி அவர் கையாலேயே ஆற்றி, பிள்ளைக்கு எட்டாத பக்கம் வைத்தார். பெரியவர்களுக்குக் காரமான கறியை அப்புறம்தான் கொண்டு வந்தார். பில்லில் சின்னவனுக்குப் போட்டது 3 வெள்ளி. இந்த மனிதருக்கு யாரும் பட்டன் கொடுக்கவில்லை.

போகிற போக்கில் இன்னொன்று. புலாவ் தீக்குஸ் பக்கம் தெருவோரத்தில் மண்சட்டியில் ஊற்றிச் சுடுகிற அபோம் வாங்கினோம். தேங்காய்ப்பால் வாசனை, ஓரம் மொறுமொறு, நடுவில் மெத்து. பெரியவன் அது சீனப் பலகாரம் என்றே நினைத்துக்கொண்டிருந்தான். அது நம் ஆப்பம்டா, பெயரைக்கூட முழுசாய் மாற்றவில்லை பார் என்றேன். நாசி கண்டார் என்ற கறிச்சோற்றின் கதையையும் சொன்னேன். நம் தமிழ் முஸ்லிம்கள் அந்தக் காலத்தில் தோளில் கம்பை வைத்து இரண்டு பக்கமும் சோற்றுப் பானையும் கறிப் பானையும் தொங்கவிட்டுக் காவடி மாதிரி சுமந்து துறைமுகத்தில் விற்றார்கள், அந்தக் கம்புக்குத்தான் கண்டார் என்று பெயர் என்று. அவன் நம்பவில்லை. கூகுளில் பார்த்துவிட்டுத்தான் நம்பினான்.

ஆசிரியர் ஐயா, கடிதம் நீண்டுவிட்டது. வெட்டுவதானால் கப்பல், கோயில் எல்லாவற்றையும் வெட்டுங்கள். இனி வருவதை வெட்டாதீர்கள்.

உணவகம் நடத்தும் நம் ஆட்களுக்குத்தான் சொல்கிறேன். பினாங்கில் மட்டும் இல்லை, இங்கே பிரிக்பீல்ட்சிலும் செந்தூலிலும் இதே கதைதான். உங்கள் கடையில் நீங்கள் சமைக்கும் அதே சாப்பாட்டைச் சின்னத் தட்டில் கொடுங்கள், அதற்கு ஒரு விலை போட்டுப் பலகையில் எழுதுங்கள். பிள்ளைகளுக்கென்று பெட்டியில் வரும் உறைந்த நக்கெட்டை வாங்கி அடுக்க வேண்டாம். நட்டம் வரும் என்பீர்கள். என் கணக்கைச் சொல்கிறேன். பெரிய பொட்டலம் 1 வெள்ளி 50 காசுக்கு விற்ற காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சின்னப் பொட்டலம் 1 வெள்ளிக்குப் போட்டேன். சோறு பாதி, முட்டை பாதி, நெத்திலி வறுத்தது, வெள்ளரி இரண்டு துண்டு, சம்பல் விரல் நுனியளவு தனியாக ஓரத்தில். இலையும் தாளும் ரப்பர் வளையமும் இரண்டுக்கும் ஒன்றுதான், என் உழைப்பும் ஒன்றுதான். அதனால்தான் பாதி விலைக்குக் கொடுக்கவில்லை, மூன்றில் இரண்டு பங்கு வாங்கினேன். ஒரு தாயும் பேரம் பேசியதில்லை. பிள்ளைக்கு ஒன்று வாங்க வந்தவர்கள் தங்களுக்கு இரண்டு வாங்கிக்கொண்டு போனார்கள். காரத்தைத் தாங்க ஆரம்பித்ததும் அந்தப் பிள்ளைகளே பெரிய பொட்டலத்துக்கு மாறினார்கள். அவர்களில் ஒருவன் கல்யாணப் பத்திரிகை கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனான்.

கூடவே, பிள்ளையுடைய தட்டை முதலில் அனுப்புங்கள். கொதிக்கிற தேநீரையும் சூப்பையும் பிள்ளையின் கைக்கு எட்டாத பக்கமாய் வையுங்கள். இதற்கெல்லாம் காசு செலவில்லை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை உண்டு, அதைச் சொல்லாவிட்டால் என் பழைய சக வியாபாரிகள் என்னை மன்னிக்க மாட்டார்கள். பிள்ளை கீழே கொட்டிய சோற்றை மிதித்துக்கொண்டு எழுந்து போகாதீர்கள். கடைக்காரர் கூட்டித்தான் ஆக வேண்டும், ஆனால் பெரிய பருக்கைகளை ஒரு டிஷ்யூவில் வாரித் தட்டில் போட்டுவிட்டுப் போனால், அடுத்த முறை நீங்கள் சின்னத் தட்டு கேட்கும்போது முகம் மலரும். கூட்ட நேரத்தில் சாப்பிட்டு முடித்தபின்னும் ஒரு மணி நேரம் மேசையைப் பிடித்துக்கொண்டு பிள்ளையை ஓட விடுகிறவர்களைப் பற்றி எழுதினால் இன்னொரு கடிதம் ஆகும்.

டிசம்பரில் பெரியவனின் பள்ளி விடுமுறைக்கு மறுபடி பினாங்கு போவதாக மருமகன் சொல்லியிருக்கிறார். சீனத் தாத்தா கடைக்கு முதல் நாளே போக வேண்டும் என்று நடுவிலவள் இப்போதே நச்சரிக்கிறாள். கடலோர உணவகத்தில் சூரியன் இறங்குவதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று மகளுக்கு ஆசை, போகத்தான் போகிறோம். துப்பட்டாவைத் துவைத்து எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் நாசி லெமாக் கடைக்காரி,
செந்தூல், கோலாலம்பூர்.